சாமத்தியவீட்டில் நாலு சுரங்கள்

ஐரோப்பாவின் பரோக் காலத்து இசை என்று யாராவது பக்தியோடு பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அந்த எரிச்சலில் பெரும்பங்கு தொண்ணூறுகளின் நடுவில், பலேர்மோவில், என் பத்து வயதில் சேர்த்துவைத்தது. மற்றப் பிள்ளைகள் சீசாப் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழே பந்தடித்துக்கொண்டிருந்த பின்னேரங்களில், முந்நூறு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன மனிதர்கள் எழுதிவைத்த பாட்டுகளுக்காக நான் பெரிய வயலின் மாதிரியான ஒரு செல்லோவை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலும் பாட்டை வாசிக்க என்னை விடவில்லை. பாட்டுக்குக் கீழே போகிற சுரத்தை மட்டும் வாசிக்க விட்டார்கள்.

எல்லாம் அம்மா வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவால் வந்தது. கபோ சந்தைக்குப் பின்னால், மேல்மாடியில், கூரை உயர்ந்த பழைய வீடு அவருடையது. கலியாணம் கட்டாதவர். வரவேற்பறையில் செம்பலோ என்றொரு வாத்தியம் வைத்திருந்தார். பார்த்தால் பியானோவின் மெலிந்த அக்கா மாதிரி இருக்கும். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பியைச் சுண்டி ஒலி எழுப்பும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். வியாழக்கிழமைகளில் இரண்டு வயலின்காரர்களும் ஒரு பாடகியும் அங்கே வந்து கூடுவார்கள். செல்லோ வாசித்தவர் வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா வேலை முடிக்கும்வரை சமையலறை வாசலில் நான் சும்மா உட்கார்ந்திருந்தது சிஞ்ஞோராவின் கண்ணில் பட்டது. சும்மா இருக்கிற பிள்ளையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. தன் தம்பி மகன் சின்ன வயதில் வாசித்துவிட்டுப் போட்ட சிறிய செல்லோ ஒன்றைத் தூசி தட்டி என் கையில் தந்துவிட்டார். அம்மா வாயெல்லாம் பல்லாக நன்றி சொன்னார். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் செல்லோவின் நரம்புகள் ஆட்டுக்குடலில் செய்தவை. மழை பெய்தால் ஒரு சுருதி, வெயில் அடித்தால் இன்னொரு சுருதி. உலகமெல்லாம் வைத்திருக்கிற சுருதியைவிட அரைச் சுரம் கீழேதான் சிஞ்ஞோரா எல்லா வாத்தியங்களையும் கூட்டுவார். அந்தக் காலத்தில் அப்படித்தான் கூட்டினார்களாம். மேலே ஏற்றினால் நரம்பு அறுந்துவிடும், அறுந்தால் உன்னைக் கொன்றுவிடுவேன் என்றும் சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னால் செய்யக்கூடியவர் என்றே நான் நம்பினேன்.

அந்த இசைக்காரர்களின் வழக்கங்கள் ஒவ்வொன்றும் என் பொறுமையைச் சோதித்தன. பாடகி ஆரியா என்றொரு தனிப்பாட்டைப் பாடத் தொடங்குவார். முதற்பகுதி முடியும், வேறொரு பகுதி வரும், அப்பாடா முடிந்தது என்று வில்லை இறக்கினால், தாளில் 'தா காப்போ' என்று எழுதியிருக்கும். தலைப்பிலிருந்து மறுபடி என்று அர்த்தம். மறுபடி பாடும்போது சும்மா பாடினால் போதாது, ஒவ்வொரு சுரத்துக்கும் சுருளும் நெளியும் வைத்துப் பாடவேண்டும். பிறகு நடனத் தொகுப்பு என்று ஒன்று. வரிசையாக நடனங்கள், ஆனால் ஒருவரும் ஆடக்கூடாது, கதிரையில் நிமிர்ந்திருந்து கேட்கவேண்டும். பிறகு ரெசித்தாத்திவோ. அது பாட்டும் இல்லை, கதையும் இல்லை. எங்கள் மாமா கலியாணவீடுகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புரை சொல்வதுபோல, பேச்சு திடீரென்று உயரும், தாழும், எப்போது முடியும் என்று தெரியாது.

இவற்றுக்கெல்லாம் கீழே நான். என்னுடைய வேலைக்குப் பெயர் பாஸோ கொந்தினுவோ. விடாமல் போகிற கீழ்ச்சுரம். என் தாளில் கீழ்வரி மட்டும் இருக்கும், அதன்மேல் சின்னச் சின்ன இலக்கங்கள். மேலே என்ன வரவேண்டும் என்பதை அந்த இலக்கங்களைப் பார்த்து சிஞ்ஞோரா தன் வலக்கையால் அப்போதைக்கு அப்போது உண்டாக்கிக்கொள்வார். எனக்கு ஒரு பாட்டுத் தாருங்கள் என்று நான் எத்தனையோ முறை கேட்டேன். பாட்டு யாருக்கும் வரும், தாங்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார். மேலே பாடுகிறவர் பிழைவிடலாம், அழலாம், மயங்கி விழலாம், கீழ்ச்சுரம் நிற்கக்கூடாது. அந்த வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அந்த வருடம் அவர் எனக்குத் தந்தது எல்லாவற்றிலும் மோசமானது. நாலே நாலு சுரங்கள். மேலிருந்து கீழே படியிறங்குவதுபோல வரும். கீழே வந்து சேர்ந்ததும் மறுபடி மேலே போய் இறங்கவேண்டும். மறுபடி, மறுபடி, பாட்டு முடியும்வரை. லமெந்தோ என்றார் சிஞ்ஞோரா, புலம்பல். அந்தக் காலத்து நாடகங்களில் யாராவது ஒருத்தி அழவேண்டி வந்தால், கீழே இந்த நாலு சுரத்தைப் போட்டுவிட்டு அவளை அழ விட்டுவிடுவார்களாம். மேலே அவள் எப்படியும் அழலாம், எங்கேயும் நிறுத்தலாம். நான் கொட்டாவி விட்டேன். பக்கத்து அறையில் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாடகி வராத வியாழன்களில் நான் அந்த நாலையும் தனியே தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த அறையில் இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றுவிடும். அம்மா களைத்துப்போய் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடத் தவக்காலத்தில்தான் பெரியம்மா மன்னாரில் மோசம் போனார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்த அக்கா அவர். தாய் இல்லாத இருவரையும் தூக்கி வளர்த்தவர். அங்கே யுத்தத்தால் பாதைகள் பூட்டியிருந்த காலம். காய்ச்சலில் செத்தவரை அடக்கம் செய்து முடித்த பிறகுதான் மாமா வீட்டுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. போகலாம் என்றாலும் அம்மாவின் வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்துப் பொலிஸ் குவெஸ்தூராவில் கிடந்தது, அது இல்லாமல் வெளியே போனால் திரும்பி வரமுடியாது. ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார்கள். கோயில் வாசலில் கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போனார்.

அம்மா அழவில்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெடிச்சியின் பூனை செத்ததற்கே அவள் தாய் அழுதிருந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், ஏன் அழவில்லை என்று நேரே கேட்டேன்.

"தனிச்சு இருந்து ஒப்பாரி சொல்ல ஏலாது, பிள்ளை. கட்டிப்பிடிக்க ஒரு ஆள் வேணும். இஞ்சை ஆர் இருக்கினம்?"

மாமி யாழ்ப்பாணத்துப் பட்டணத்துக்காரி, ஒப்பாரி சொல்ல வராது. அப்பா துறைமுகத்தில் கப்பல் கழுவும் வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போவார். எனக்கோ அம்மா சொன்னது ஒரு சாட்டு மாதிரித்தான் பட்டது. அழுவதற்கு எதற்கு ஆள்? சொல்லிவிட்டு அம்மா, நான் முகம் கழுவத் திறந்த பைப்பை ஓடி வந்து பூட்டினார். பலேர்மோவில் அப்போதெல்லாம் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். பல்கணியில் நின்ற நீலத் தாங்கி நிறைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு கோப்பைத் தண்ணீர் வீணானால் அம்மாவிடம் அடி விழும்.

பெரியம்மாவின் ஆண்டு முடியுமுன்னரே மாமாவின் மகள் பெரிய பிள்ளையானாள். அவளுடைய சாமத்தியச் சடங்கிலிருந்துதான் சண்டை ஆரம்பித்தது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஆண்டுப் பூசை முடியும்வரை கொண்டாட்டம் வைப்பதில்லை என்பது அம்மாவின் கட்சி. சடங்கைத் தள்ளிவைக்கலாம், அக்காவைத் தள்ளிவைக்க முடியாது என்றார். மாமா அசையவில்லை. பங்குக் கோயில் மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சேலை வந்தாயிற்று, வீடியோக்காரர் நேப்பிள்ஸிலிருந்து கப்பலில் வருகிறார். இங்கே குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தால் வேலைக்கு ஆர் போவது என்று ஒருநாள் மாமா கேட்டார். அதற்குப் பிறகு அம்மா பலகாரம் சுடக் கூப்பிட்டபோது போய்ச் சுட்டுக் கொடுத்தார்.

எனக்கு இவர்களுடைய சண்டையைவிடப் பெரிய பிரச்சினை வந்து சேர்ந்தது. தன் மருமகள் பெரிய சிஞ்ஞோரா வீட்டில் இத்தாலியச் சங்கீதம் படிக்கிறாள், சடங்கில் அவள் ஒரு பாட்டு வாசிப்பாள் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பாட்டு இல்லை என்று நான் சொன்னேன். கீழ்ச்சுரம் மட்டும்தான் தெரியும் என்றேன். மாமாவுக்கு ஏறவில்லை.

"அப்ப பாட்டை ஆர் வாசிக்கிறது?"

"மற்ற ஆக்கள், மாமா."

"அந்த மற்ற ஆக்கள் எங்கை?"

கடைசியில் மாமாவே வழி கண்டுபிடித்தார். எங்கள் ஆட்களின் எல்லா விழாக்களுக்கும் கீபோர்ட் வாசிக்கிற ஓர் அண்ணா இருந்தார். மேலே அவர் ஏதாவது நல்ல பாட்டாக வாசிப்பார், கீழே நான் என்னுடையதைத் தேய்க்கவேண்டும், இரண்டும் சேர்ந்தால் சரிதானே. சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நான் மன்றாடினேன். அந்த அண்ணாவுக்கு உணவகத்தில் வேலை, நேரமில்லை. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒத்திகை எதற்கு என்று மாமா என் வாயை அடைத்தார்.

சடங்கு நாளன்று அப்பாவும் நானும் செல்லோவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் மாமாவின் மகள், என் மச்சாள், இளஞ்சிவப்பு அலங்காரத்துக்கு நடுவே வியர்த்துக்கொண்டிருந்தாள். ஆரத்தி எடுத்து முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் என் பெயர் கூப்பிட்டார்கள். மாமா மைக்கில் என்னைப் பற்றிச் சொன்ன பொய்களைக் கேட்டு எனக்குக் காது சூடேறியது. உலகப் புகழ் என்ற சொல் கூட வந்தது. கதிரையில் உட்கார்ந்து, வில்லைப் பிடித்து, முதல் சுரத்தை இழுத்தேன். கீபோர்ட் அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்து, அதே சுரத்தில் கையை வைத்தார்.

அவருடைய சுருதி உலகத்துச் சுருதி. என்னுடையது அரைச் சுரம் கீழே. மண்டபத்தில் இரண்டு பூனைகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது போன்ற சத்தம் கிளம்பியது. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அண்ணா வேறு கட்டைகளைத் தடவிப் பார்த்தார், அது இன்னும் மோசமானது. கூட்டிப் பிடி, கூட்டிப் பிடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குச் சொன்னார். கூட்டினால் நரம்பு அறும். அந்தக் கீபோர்டில் சுருதியைக் குறைக்க ஒரு பொத்தான் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. பின்னால் இருந்த பெடியன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அண்ணா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, பழி தன்னுடையது இல்லை என்று சபைக்குக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் நிறுத்தவில்லை. அதில் வீரம் ஒன்றும் இல்லை, நிறுத்தக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். நாலு சுரம் இறங்கினேன். மேலே ஏறி மறுபடி நாலு சுரம் இறங்கினேன். மேலே பாட்டே இல்லை. பழுதான கசெட் மாதிரி அதுவே திரும்பத் திரும்ப வந்தது. இது எப்போது முடியும் என்று யாரோ சத்தமாகக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. பாடுகிறவர் முடித்தால்தான் கீழ்ச்சுரம் முடியும், பாடுகிறவரே இல்லையே. ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. சிஞ்ஞோராவையும் மாமாவையும் செத்துப்போன அத்தனை பரோக்காரர்களையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

அப்போது அம்மா மேடைக்குப் பக்கத்தில், பலகாரத் தட்டுகள் இருந்த மேசையடியில் நின்றபடி பாடத் தொடங்கினார்.

தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயில்களில் மாதா மகனை மடியில் வைத்து அழுவதாக ஒரு ஒப்பாரி பாடுவார்கள். மன்னாரில் அதைப் பெரியம்மாதான் முதல் அடியை எடுத்துத் தூக்கிக் கொடுப்பாராம். அந்த இழுவையில்தான் அம்மா தொடங்கினார். என்னை மானக்கேட்டிலிருந்து காப்பாற்ற வேறொரு பாட்டும் கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் போனதும் மகனே என்று வரவேண்டிய இடத்தில் அக்கா என்று வந்தது. அம்மா வரியை மறந்துவிட்டார், வாயில் வந்ததைப் போட்டு நிரப்புகிறார் என்று நினைத்தேன். அவர் எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. என் சுரம் இறங்கி முடிந்த பிறகும் தன் சொல்லை இழுத்துக்கொண்டே போனார், மூச்சு வாங்க நின்றார், நடுவழியில் வந்து சேர்ந்துகொண்டார்.

"தூக்கி வளர்த்த கையைத்
தொட்டழவும் கிடைக்கேல்லையே"

மாமியின் முகம் கறுத்தது. மங்கலச் சபையில், பெண்பிள்ளை சோடித்து இருக்கிற மேடைக்கு முன்னால் ஒப்பாரி. யாரோ ஒரு மனிசி சிலுவை போட்டுக்கொண்டார். மாமா கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு அம்மாவை நோக்கி வேகமாக வந்தார். பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று நான் பயந்தேன், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பக்கத்தில் வந்தவர் அம்மாவின் தோளில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மெல்ல மேடைப் படியில் உட்கார்ந்து, கைலேஞ்சியால் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். அந்த வெயில்காலத்தில் கோட்டுப் போட்டால் வியர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன்.

அம்மா நெடுநேரம் பாடினார். என் கை வலித்தது. கடைசியில் அவருடைய குரல் தானாகவே கீழே வந்து என் சுரத்தோடு நின்றது, நானும் வில்லை எடுத்தேன். ஒருவரும் கை தட்டவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்.

மாமி மிளகாயும் உப்பும் கொண்டுவந்து மச்சாளுக்கு நாவூறு கழித்தார். பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, எங்கள் சமையலறையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். வீடியோக் கசெட்டில் மச்சாள் ஆரத்தியிலிருந்து நேரே சாப்பாட்டுக்குப் போனாள். என்னுடைய முதல் கச்சேரி உலகத்தில் எங்கேயும் பதிவாகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் முறையிட்டேன். அரைச் சுரம் கீழே கூட்டியதால் வந்த அவமானத்தை விரிவாகச் சொன்னேன். அம்மா என் பாட்டைக் கெடுத்ததையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான், நீ நிறுத்தினாயா என்று. இல்லை என்றேன். ஒரு பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், அம்மாவை இஸ்திரி மேசையிலிருந்து கூட்டிவந்து கதிரையில் உட்காரவைத்து, தானே கோப்பி போட்டுக் கொடுத்தார். அதுவரை அந்த வீட்டில் அம்மா உட்கார்ந்து நான் கண்டதில்லை. இருவரும் சேர்ந்திருந்து குடித்தார்கள். ஒத்திகை தாமதமானது, எங்கள் பஸ்ஸும் தவறிப்போனது. அந்த வருடமும் எனக்குப் பாட்டுத் தரவில்லை.

அதன் பிறகு வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. அப்பா வருமுன்னர், அம்மா சமையலறைக்குள் நின்றுகொண்டு, அந்த நாலையும் ஒருக்கா வாசி என்பார். பயிற்சிக்காகத்தான் உயிரை வாங்குகிறார் என்று நான் முணுமுணுத்துக்கொண்டு நடுவறையில் உட்கார்ந்து வாசிப்பேன். நான் தொடங்கியதும் சமையலறைக் கதவு சாத்தப்படும். உள்ளே பைப் முழுவதாகத் திறக்கும். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு என்னை அடிக்கிற அம்மா, தண்ணீர் வராத நாட்களிலும் அப்படித் திறந்து விடுவார். அந்த அநியாயம் எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் வில்லை நிறுத்திவிட்டுக் கத்தினேன்.

"அம்மா, பைப்பைப் பூட்டுங்கோ. தாங்கி வத்தப்போகுது."

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் அடைத்துக்கொண்டு வந்தது.

"தண்ணி போனால் போகட்டும். நீ நிப்பாட்டாதை."

அம்மாவுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்துவிட்டது என்று நினைத்தேன். நாளைக்குக் குளிக்கத் தண்ணீர் இருக்காது என்ற எரிச்சலோடு, மேலிருந்து மறுபடியும் இறங்கத் தொடங்கினேன்.